ஏணி இல்லாத அலுவலகம்: ரொறன்ரோவின் மாணவர் நிதியுதவி நிர்வாகமும் அதன் தலைமையும்

1998 ஏப்ரலில் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் ஆட்சிக்குழு மாணவர் நிதியுதவி பற்றி ஒரு கொள்கையை ஏற்றுக்கொண்டது. அனுமதி கிடைத்த மாணவர் எவரும் பணமில்லை என்ற காரணத்தால் படிப்பில் சேராமலோ, சேர்ந்த படிப்பை முடிக்காமலோ போகக்கூடாது என்பது அதன் சாரம். ஒரு பொதுப் பல்கலைக்கழகம் தன் மாணவருக்குக் கொடுக்கக்கூடிய வாக்குகளில் இதைவிடப் பெரியது இல்லை. அந்த வாக்கை எழுதியவர்கள் ஆட்சிக்குழுவினர். நாள்தோறும் அதைக் காப்பாற்றுபவர்கள் வேறு ஆட்கள். பதிவாளர் அலுவலகத்தின் ஒரு மூலையில் ஒன்ராறியோ மாணவர் உதவித் திட்டமான ஒசாப்பின் விண்ணப்பங்களைச் சரிபார்த்து, மேன்முறையீடுகளை வாசித்து, எந்த மாணவருக்கு எவ்வளவு என்று முடிவெடுக்கும் நிதியுதவி அலுவலர்கள் அவர்கள். விதிகளை ஒன்ராறியோ திரும்பத் திரும்ப மாற்றியிருக்கிறது, பணத்தை ஏற்றியும் இறக்கியும் இருக்கிறது. அந்த விதியையும் பணத்தையும் மாணவரிடம் கொண்டுசேர்க்கும் அலுவலரை வளர்த்தெடுத்துத் தலைமைக்குக் கொண்டுவரும் பாதையை மட்டும் அது அமைக்கவில்லை. கோப்பை வாசிக்கத் தெரிந்தவர் மேலே போக முடியாத நிலையில், மேலே இருப்பவர் கோப்பை வாசித்திராதவராகவே இருப்பார். அதன் விலையைக் கொடுப்பவர்கள் வசதி குறைந்த மாணவர்கள். இந்தக் கட்டுரை நிறுவ முனைவது இதைத்தான்.

இந்த வேலை எப்படி உருவானது என்பதைப் பார்த்தால் சிக்கலின் வேர் தெரியும். லெஸ்டர் பியர்சனின் அரசு 1964-ல் கனடா மாணவர் கடன் சட்டத்தைக் கொண்டுவந்தபோது கடன் கொடுத்தவை வங்கிகள், பிணை நின்றது மத்திய அரசு, தகுதியைக் கணித்தவை மாகாணங்கள். கல்லூரியிலும் பல்கலைக்கழகத்திலும் இருந்த அலுவலருக்கு மாணவர் உண்மையிலேயே படிக்கிறார் என்று உறுதிசெய்து கையெழுத்திடுவதுதான் பிரதான வேலை. ஒன்ராறியோவின் முதல் சமூகக் கல்லூரியான சென்ரெனியல் 1966-ல் ஸ்காபரோவில் திறக்கப்பட்ட காலத்தில், நிதியுதவி என்பது பதிவாளரின் எழுத்தர் ஒருவர் மற்ற வேலைகளோடு சேர்த்துப் பார்க்கும் வேலையாக இருந்திருக்கலாம், அதில் வியப்பில்லை. 1990-களின் நடுவில் இந்த நிலை தலைகீழானது. ஒன்ராறியோவில் மைக் ஹாரிஸின் அரசு பல்கலைக்கழகங்களுக்கான மானியத்தை வெட்டியது. கட்டணத்தை உயர்த்த அனுமதித்து, சில தொழிற்கல்விப் படிப்புகளில் கட்டுப்பாட்டையே எடுத்துவிட்டது. அதற்கு ஈடாக ஒரு நிபந்தனையும் விதித்தது: உயர்த்திய கட்டணத்தில் ஒரு பங்கை மாணவர் உதவிக்கென ஒதுக்கிவைக்க வேண்டும். முதலில் 10 சதவீதம், பின்னர் 30 சதவீதம். நன்கொடையாளர் கொடுக்கும் பணத்துக்கு ஈடாக அரசும் பணம் போடும் அறக்கட்டளைத் திட்டம் ஒன்று 1996-ல் வந்தது. இரண்டே ஆண்டுகளில், கையெழுத்து மட்டும் போட்டுக்கொண்டிருந்த அலுவலகத்தின் கையில் சொந்தப் பணம் வந்து சேர்ந்தது. சொந்தப் பணம் வந்தால் அதை யாருக்குக் கொடுப்பது என்று தீர்மானிக்கும் பொறுப்பும் கூடவே வரும். ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் 1998 கொள்கையும், ஒசாப் போக மீதமுள்ள தேவையை நிரப்பும் யுராப்ஸ் திட்டமும் அந்தச் சூழலில் பிறந்தவை. உயர்கல்வி பற்றிய பொப் ரேயின் 2005 அறிக்கைக்குப் பிறகு, 2006-07 கல்வியாண்டிலிருந்து ஒன்ராறியோ முழுவதும் இதே வகையான உத்தரவாதம் விரிந்தது: கட்டணம், புத்தகம் ஆகியவற்றுக்கு ஒசாப் போதவில்லை என்றால் மீதியை நிறுவனம் ஏற்க வேண்டும்.

இதே காலத்தில் வங்கிகளும் விலகின. 2000 ஓகஸ்ட் முதல் மத்திய அரசே நேரடியாகக் கடன் கொடுக்கத் தொடங்கியது. மறுஆண்டு ஒன்ராறியோ தன் கடனையும் அதோடு இணைத்தது. ஆக, பத்து ஆண்டுகளுக்குள் அலுவலரின் வேலை இரண்டாகப் பிளந்தது. ஒரு பாதியில் அவர் மாகாண அமைச்சின் கை. அமைச்சின் விதியைப் பிசகாமல் நடைமுறைப்படுத்தி, தணிக்கைக்குப் பதில் சொல்ல வேண்டியவர். மறுபாதியில் அவர் தன் நிறுவனத்தின் ஆள். அதன் சொந்த உதவிப்பணத்தை நியாயமாகப் பங்கிட வேண்டியவர். இரண்டு எசமானருக்கு ஒரே நேரத்தில் வேலை செய்யும் பதவி இது. பொறுப்பு இவ்வளவு பெருகியும், பதவியின் தரநிலை மட்டும் பழைய எழுத்தர் காலத்தை ஒட்டியே நின்றுவிட்டது.

அந்தப் பொறுப்பு எப்படிப்பட்டது என்பதை ஒரு கோப்பின் அளவில் பார்ப்பது நல்லது. ஒசாப்பின் கணக்கு அடிப்படையில் எளிது: அனுமதிக்கப்பட்ட செலவுகளிலிருந்து மாணவரிடமும் குடும்பத்திடமும் இருக்க வேண்டிய பணத்தைக் கழித்தால் கிடைப்பது தேவை. குடும்ப வருமானம் என்பது வரிப் படிவத்தின் 15000-ஆம் வரியில் உள்ள மொத்த வருமானம், அதுவும் கடந்த ஆண்டுடையது. தொழிற்சாலையில் மேலதிக நேரம் செய்து கடந்த ஆண்டு நன்றாகச் சம்பாதித்த தகப்பன், இந்த ஆண்டு மார்ச்சில் வேலை இழந்திருந்தால் அந்த வரி அவரை வசதியானவராகவே காட்டும். தாயும் தகப்பனும் பிரிந்து வாழ்ந்து, பிரிவு எந்தப் பத்திரத்திலும் பதியப்படாமல் இருந்தால் இருவரின் வருமானமும் சேர்ந்தே கணக்கில் ஏறும். வீட்டுச் சண்டையில் வெளியேறி நண்பர் வீட்டுச் சோபாவில் படுத்துறங்கும் பத்தொன்பது வயதுப் பிள்ளை, சட்டத்தின் பார்வையில் இன்னும் பெற்றோரைச் சார்ந்தவர்தான். 2019-க்கு முன்பு உயர்நிலைப் பள்ளியை விட்டு நான்கு ஆண்டுகள் ஆனால் ஒரு மாணவர் சுயாதீனமானவராகக் கருதப்பட்டார். அது பிறகு ஆறு ஆண்டுகளாக நீட்டப்பட்டது. இவை ஒவ்வொன்றுக்கும் மீளாய்வு வழி உண்டு. ஆனால் மீளாய்வுக்குக் கடிதம் வேண்டும், வேலை போனதற்கான பத்திரம் வேண்டும், குடும்பம் உடைந்ததை அறிந்த மூன்றாம் ஆள் ஒருவரின் சாட்சி வேண்டும். எந்தப் பத்திரம் போதும், எது போதாது, வராத பத்திரத்துக்கு மாற்றாக எதை ஏற்கலாம் என்பதை அலுவலர்தான் முடிவுசெய்கிறார். சூத்திரத்தின் விளிம்பில் நிற்கும் மாணவருக்கு அந்த அலுவலரே அரசு, அவரே பல்கலைக்கழகம்.

நம் தமிழ்க் குடும்பங்களைப் பொறுத்தவரை இதில் இன்னொரு அடுக்கு உண்டு. இலங்கையிலிருந்து வந்த பெற்றோர் கன்னங்கரா கொண்டுவந்த இலவசக் கல்வியின் பிள்ளைகள். அங்கே பல்கலைக்கழகத்துக்குள் நுழைவது கடினம், நுழைந்தபின் கட்டணம் இல்லை. 1981-ல் தொடங்கிய மகாபொல போன்ற உதவி, தகுதியும் தேவையும் உள்ளவருக்குக் கிடைக்கும் கொடை. படிப்பதற்காகக் கடன்படுவது என்ற எண்ணமே அந்த அனுபவத்தில் இல்லை. அதோடு, ஊரில் இருக்கும் தாய்தகப்பனுக்கும் தங்கைக்கும் மாதாமாதம் போகும் பணத்தைப் பற்றி ஒசாப்பின் வருமானக் கணக்குக்கு எதுவும் தெரியாது. வரிப் படிவத்தில் எண்பதாயிரம் டொலர் காட்டும் ஸ்காபரோ வீடு ஒன்றில், கையில் மிஞ்சுவது அதைவிட வெகு குறைவாக இருக்கலாம். இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளும் அலுவலர் ஒருவர் பல்கலைக்கழகத்தின் சொந்த உதவிப்பணத்திலிருந்து வழி பார்க்க முடியும். கேட்கத் தெரியாத அலுவலர் சூத்திரம் சொன்னதைத் திருப்பிச் சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவார். இரண்டு அலுவலருமே விதிக்கு உட்பட்டுத்தான் நடந்தார்கள், ஆனால் மாணவரின் வாழ்க்கை இரண்டு திசையில் போய்விட்டது.

இது மனிதாபிமானம் பற்றிய பேச்சு மட்டுமல்ல, இதற்கு அளந்து பார்த்த சான்று இருக்கிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் பொருளியலாளர் பிலிப் ஒரியோபொலஸ், எரிக் பெற்றிங்கர், பிரிட்ஜெற் டெரி லோங், லிசா சன்பொன்மற்சு ஆகியோர் அமெரிக்காவில் வரி தயாரிக்கும் எச் அண்ட் ஆர் புளொக் நிறுவனத்தின் கிளைகளில் நடத்திய பரிசோதனையின் முடிவு 2012-ல் வெளியானது. குறைந்த வருமானக் குடும்பங்களின் வரியை முடித்த கையோடு, நிதியுதவி விண்ணப்பத்தையும் ஒருவர் உடனிருந்து நிரப்பிக் கொடுத்தார். அப்படி உதவி பெற்ற உயர்நிலைப் பள்ளி இறுதியாண்டுப் பிள்ளைகளில் கல்லூரிக்குப் போனவர்களின் விகிதம் ஏறத்தாழ 8 சதவீதப் புள்ளிகள் உயர்ந்தது. உதவித்தொகை எவ்வளவு கிடைக்கும் என்ற தகவலை மட்டும் கொடுத்து, விண்ணப்பத்தைத் தாமே நிரப்புமாறு விடப்பட்ட குழுவில் அந்த மாற்றம் காணப்படவில்லை. ஒரியோபொலஸும் ரூபன் ஃபோர்டும் ஒன்ராறியோவிலேயே இதையொட்டி இன்னொரு ஆய்வு செய்தார்கள். உயர்கல்விக்குப் போவோர் குறைவாக உள்ள பள்ளிகளில் படிப்பைத் தேர்வது, விண்ணப்பிப்பது, நிதியுதவி கேட்பது ஆகிய மூன்றையும் பன்னிரண்டாம் வகுப்பு நேரத்திலேயே உட்கார வைத்துச் செய்வித்தார்கள். விண்ணப்பித்தோர் விகிதம் 64-லிருந்து 78 சதவீதமாக ஏறியது. உயர்கல்வியில் சேர்ந்தோர் 5.2 சதவீதப் புள்ளிகள் கூடினர். கூடியவர்கள் அநேகமாக எல்லோரும் சமூகக் கல்லூரிகளுக்குப் போனவர்கள். இந்த இரண்டு ஆய்விலும் உதவித்தொகையின் அளவு மாறவில்லை, விதியும் மாறவில்லை. விதிக்கும் பிள்ளைக்கும் நடுவே விஷயம் தெரிந்த ஓர் ஆள் நின்றதுதான் மாறியது.

அந்த ஆள் இவ்வளவு முக்கியமென்றால், அவருக்கு முன்னே உள்ள பாதை என்ன? பெரும்பாலும் முதல் படி கவுண்டர். மாணவராக இருக்கும்போதே பதிவாளர் அலுவலகத்தில் பகுதிநேரம் வேலை செய்தவர்கள் அப்படியே அங்கு தங்கிவிடுவது வழக்கம். பிறகு ஒசாப் அலுவலர், உதவிப்பண ஒருங்கிணைப்பாளர், முகாமையாளர் அல்லது உதவிப் பதிவாளர், இணைப் பதிவாளர் அல்லது பணிப்பாளர், பதிவாளர் என்று காகிதத்தில் வரிசை தெரியும். நடைமுறையில் அந்த வரிசை நடுவில் அறுந்திருக்கிறது. ரொறன்ரோ பல்கலைக்கழகத்தின் அலுவலகப் பணியாளர்கள் ஐக்கிய உருக்குத் தொழிலாளர் சங்கத்தின் 1998-ஆம் கிளையிலும், யோர்க்கில் உள்ளவர்கள் அந்தப் பல்கலைக்கழகப் பணியாளர் சங்கத்திலும், கல்லூரிகளின் துணைப் பணியாளர்கள் ஒன்ராறியோ பொதுச்சேவை ஊழியர் சங்கத்திலும் இருக்கிறார்கள். முகாமைப் பதவிக்குப் போவதென்றால் சங்கத்தை விட்டு வெளியேற வேண்டும். பணிமூப்பும் வேலைப் பாதுகாப்பும் சங்கத்தோடு போய்விடும். பத்து ஆண்டு அனுபவமுள்ள அலுவலர் ஒருவர் அந்தத் துணிச்சலைக் காட்டத் தயங்கினால் அவரைக் குறைசொல்ல முடியாது. துணிந்தவருக்கும் அடுத்த தடை காத்திருக்கும். மேற்பதவி விளம்பரங்கள் முதுகலைப் பட்டத்தையும், தரவு முகாமைத்துவத்தையும், மாணவர் சேர்க்கை வளர்ச்சியையும் கேட்கின்றன. ஆயிரக்கணக்கான மீளாய்வுக் கோப்புகளை வாசித்த அனுபவத்தை எழுத அந்த விண்ணப்பங்களில் இடமில்லை.

பயிற்சியின் நிலையும் இதுதான். புளோர் வீதியில் உள்ள ஒன்ராறியோ கல்வி ஆய்வு நிறுவனம் உயர்கல்வியில் முதுகலைப் பட்டம் கொடுக்கிறது, மாணவர் சேவை என்ற துறையும் அதில் உண்டு. அது நல்ல படிப்பு, ஆனால் நிதியுதவி நிர்வாகம் என்பது தனித் தொழிலாக அங்கே கற்பிக்கப்படுவதில்லை. கனடிய மாணவர் நிதியுதவி நிர்வாகிகள் சங்கமும் அதன் ஒன்ராறியோ இணையும் மாநாடுகளும் பயிலரங்குகளும் நடத்துகின்றன. அவற்றின் பணி மதிப்புக்குரியது. இருந்தாலும், ஒரு கணக்காளருக்கோ சமூகப் பணியாளருக்கோ உள்ளதுபோல் நுழைவுத் தகுதி, உரிமம், ஒழுக்க விதி, ஊதிய நிலை என்று கட்டப்பட்ட தொழிலாக இது ஆகவில்லை. சமூகப் பணியாளர் ஒருவர் குடும்பம் உடைந்ததாக எழுதிக்கொடுக்கும் கடிதத்தை எடைபோடும் அலுவலருக்கு, அந்தக் கடிதத்தை எழுதியவருக்கு உள்ள தொழில்நிலை இல்லை.

எதை அளக்கிறோம் என்பதும் யார் தலைவராகிறார் என்பதைத் தீர்மானிக்கும். ஒன்ராறியோ பல ஆண்டுகளாக ஒவ்வொரு நிறுவனத்தின் மாணவர்களும் ஒசாப் கடனைத் திருப்பிக் கட்டத் தவறும் விகிதத்தை வெளியிட்டு வருகிறது. கட்டணம் வாங்கிக்கொண்டு பயனற்ற சான்றிதழ் கொடுத்த தனியார் தொழிற்கல்லூரிகளை அடையாளம் காண அது உதவியது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் அந்த எண் கடன் வாங்கியவரை மட்டுமே காணும். தகுதி இருந்தும் விண்ணப்பிக்காதவர், மீளாய்வுக் கடிதத்தைத் தேடி அலைந்து களைத்து இரண்டாம் ஆண்டில் நின்றுவிட்டவர், வாரத்துக்கு முப்பது மணிநேரம் ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பிக்கடையில் நின்றுகொண்டே படித்துத் தோற்றவர் ஆகியோர் எந்தப் பட்டியலிலும் வரமாட்டார்கள். தவணை தவறிய விகிதமும், விண்ணப்பம் முடிக்க எடுத்த நாட்களும், தணிக்கையில் வந்த பிழைகளுமே அளவுகோல் என்றால், அவற்றைக் குறைப்பவரே திறமையான தலைவராகத் தெரிவார். கடினமான கோப்பை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று நாள் யோசிப்பவர் அந்த அளவுகோலில் பின்தங்கியவர்.

2017 முதல் 2019 வரை நடந்தவை இந்தக் குறைபாட்டை வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தன. கத்லீன் வின்னின் அரசு 2017-18-இல் ஒசாப்பைத் திருத்தி, ஆண்டு வருமானம் 50,000 டொலருக்குக் கீழ் உள்ள குடும்பங்களின் பிள்ளைகளுக்குச் சராசரிக் கட்டணத்தை மானியத்தாலேயே ஈடுகட்டியது. 2018 டிசம்பரில் மாகாணக் கணக்காய்வாளர் நாயகம் பொனி லிசிக் தந்த அறிக்கை கசப்பான செய்தியைச் சொன்னது. உதவி பெற்றவர் தொகை ஏறத்தாழ கால் பங்கு கூடியிருந்தது, ஆனால் மாணவர் சேர்க்கை 1 முதல் 2 சதவீதமே உயர்ந்திருந்தது. செலவு 2020-21-இல் ஆண்டுக்கு 200 கோடி டொலரைத் தொடும் என்றும் அது எச்சரித்தது. ஒரு மாதம் கழித்து, 2019 ஜனவரி 17 அன்று, டக் ஃபோர்டின் அரசு கட்டணத்தை 10 சதவீதம் குறைத்த கையோடு அந்த இலவசக் கட்டண ஏற்பாட்டை நீக்கியது. மானியத்துக்கான வருமான உச்சம் 1,75,000-லிருந்து 1,40,000 டொலருக்கு இறங்கியது. படிப்பு முடிந்தபின் வட்டியில்லாமல் இருந்த ஆறு மாத அவகாசமும் மாகாணக் கடனுக்குப் போய்விட்டது. செப்டெம்பரில் இரண்டாம் ஆண்டுக்கும் மூன்றாம் ஆண்டுக்கும் திரும்பிய மாணவர்கள், நடுவழியில் மாறிய கணக்கோடு கவுண்டருக்கு முன் வரிசையில் நின்றார்கள்.

கணக்காய்வாளரின் எண்கள் சரியானவை. அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட முடிவைத்தான் நான் ஏற்கவில்லை. ஏற்கனவே படித்துக்கொண்டிருந்தவர்களுக்குப் பணம் போனது என்றால் பணம் வீணானது என்று பொருளாகாது. அந்த மானியம் வந்தபின் எத்தனை பேர் இரவு வேலையை விட்டார்கள், எத்தனை பேர் பகுதிநேரப் படிப்பை முழுநேரமாக்கினார்கள், எத்தனை பேர் இடையில் நிற்காமல் முடித்தார்கள் என்பதுதான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி. ஒரே ஆண்டின் சேர்க்கை எண் அதற்கு விடை சொல்லாது. விடை கிடைத்திருக்கக்கூடிய இடம் நிறுவனங்களின் நிதியுதவிக் கோப்புகள். அந்தக் கோப்புகளை அறிந்தவர்களின் குரல் மாகாணச் சட்டமன்றமான குயின்ஸ் பார்க்கில் நடந்த வாதத்தில் எடுபடவில்லை. அமைச்சர் பேசினார், எதிர்க்கட்சி பேசியது, மாணவர் சங்கங்கள் பேசின. கோப்பு அறிந்தவர்கள் பேசக்கூடிய உயரத்தில் இருந்திருந்தால் வெட்டு வந்திருக்காது என்று சொல்லமாட்டேன். எதை வெட்டுகிறோம் என்பது தெரிந்த வெட்டாக அது இருந்திருக்கும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் இலேசாகத் தள்ளிவிட முடியாதவை சில உண்டு. முதலாவது இயந்திரம் பற்றியது. வருமான விவரம் வரித்துறையிலிருந்து நேராக வருகிறது, கணினி நொடியில் கணக்குப் போடுகிறது, பிறகு ஆள் எதற்கு? பெரும்பாலான கோப்புகளுக்கு இந்த வாதம் சரி. அவற்றைக் கணினியே முடிக்கட்டும். ஆனால் ஆளின் நேரத்தை மீதப்படுத்துவதற்காக வந்த கணினி, ஆளின் தீர்ப்பையே நீக்கிவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அவுஸ்திரேலியா சாட்சி. 2015-ல் தொடங்கிய றோபோடெற் என்ற தானியங்கித் திட்டம், நலவுதவி பெற்றவர்களின் ஆண்டு வருமானத்தை இருவாரக் கூறுகளாகச் சமமாகப் பிரித்துப் பார்த்து, கூடுதலாக வாங்கிவிட்டார்கள் என்று இலட்சக்கணக்கானோருக்குக் கடன் அறிவித்தல் அனுப்பியது. வேலை கிடைத்த மாதத்தையும் கிடைக்காத மாதத்தையும் அந்தக் கணக்கு வேறுபடுத்தவில்லை. அது சட்டவிரோதமானது என்று முடிவாகி, 2023 ஜூலையில் அரச விசாரணை ஆணையத்தின் அறிக்கை அந்தத் திட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தது. கடந்த ஆண்டின் ஒரு வரியை வைத்து இந்த ஆண்டின் வீட்டை அளக்கும் ஒசாப்பிலும் அதே ஆபத்தின் விதை இருக்கிறது. மீளாய்வு அலுவலர் என்ற ஒருவர் இருப்பதால்தான் அது முளைக்காமல் நிற்கிறது.

இரண்டாவது வாதம் இன்னும் வலுவானது. அலுவலரின் தீர்ப்புக்கு இடம் கொடுத்தால் பாரபட்சத்துக்கும் இடம் கொடுத்ததாகிவிடும், நன்றாக ஆங்கிலம் பேசத் தெரிந்த பிள்ளைக்குக் கதவு திறக்கும், கூச்சப்படும் பிள்ளை வெளியே நிற்கும் என்பது அந்த வாதம். உண்மைதான். நிதியுதவிக்குச் சூத்திரம் பிறந்ததே அதைத் தடுக்கத்தான். ஹார்வர்டில் நிதியுதவி அலுவலகத்தை நடத்திய ஜோன் மன்றோ, குடும்பத்தின் தேவையை ஒரே முறையில் கணக்கிடும் வழியை வகுத்தார். அதை அடியாகக் கொண்டு 1954-ல் அமெரிக்கக் கல்லூரிகள் பல சேர்ந்து ஒரு பொது மதிப்பீட்டுச் சேவையை அமைத்தன. அதுவரை உதவித்தொகை என்பது பேரம் பேசிப் பெறுவதாகவும் கல்லூரிகள் போட்டிபோட்டு வீசுவதாகவும் இருந்தது. ஆனால் அந்தச் சூத்திரத்தை எழுதியவர் யார் என்று பார்க்க வேண்டும். வங்கியாளரோ கணிதவியலாளரோ அல்லர், மாணவர் கோப்புகளை வாசித்தவர். மன்றோ 1958-ல் ஹார்வர்ட் கல்லூரியின் டீன் ஆனார். 1967-ல் அந்தப் பதவியை விட்டு, அலபாமாவில் பேர்மிங்ஹாமுக்கு அருகே கறுப்பின மாணவர்கள் படிக்கும் மைல்ஸ் கல்லூரிக்குக் கற்பிக்கப் போனார். நிதியுதவி அலுவலகத்திலிருந்து கல்லூரித் தலைமைக்குப் பாதை திறந்திருந்தால் எப்படிப்பட்ட மனிதர் மேலே வருவார் என்பதற்கு அவர் ஒரு எடுத்துக்காட்டு. தீர்ப்பில் பாரபட்சம் புகாமல் இருக்க வழி தீர்ப்பை ஒழிப்பதல்ல. ஒவ்வொரு மீளாய்வு முடிவுக்கும் காரணம் எழுதப்பட வேண்டும், மறுக்கப்பட்டதை இரண்டாவது அலுவலர் ஒருவர் பார்க்க வேண்டும், ஆண்டுதோறும் எத்தனை வந்தன, எத்தனை ஏற்கப்பட்டன என்ற தொகையை வெளியிட வேண்டும். நீதிமன்றத்திலும் மருத்துவமனையிலும் தீர்ப்பை இப்படித்தான் நெறிப்படுத்துகிறோம்.

மூன்றாவதாக, தலைமைக்கு வேண்டியது நிர்வாகத் திறமை, அது வங்கியிலிருந்தோ சந்தைப்படுத்தலிலிருந்தோ வந்தாலும் ஒன்றுதான் என்பார்கள். இதற்கு எல்லைக்கு அப்பால் நடந்ததே பதில். 1970-களில் பொஸ்ரன் கல்லூரியில் உருவான சேர்க்கை முகாமைத்துவம் என்ற சிந்தனை, அனுமதியையும் நிதியுதவியையும் ஒரே கையில் கொடுத்தது. காலப்போக்கில் பல அமெரிக்கத் தனியார் கல்லூரிகளில் உதவித்தொகை தேவையுள்ளவருக்கான தாங்கலாக இருப்பதை விட்டு, கட்டணம் கட்டக்கூடியவரை இழுக்கும் விலைக்கழிவாக மாறியது. 2007-ல் நியூயோர்க் மாநிலச் சட்டமா அதிபராக இருந்த அன்ட்ரூ கோமோ நடத்திய விசாரணையில், கொலம்பியா உட்படச் சில பெரிய பல்கலைக்கழகங்களின் நிதியுதவிப் பணிப்பாளர்கள், தம் மாணவருக்குப் பரிந்துரைத்த கடன் நிறுவனத்தின் தாய் நிறுவனத்திலேயே பங்கு வைத்திருந்தது வெளிவந்தது. பதவி இழந்தவர்களும் உண்டு. அவர்கள் துறைக்குப் புதியவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். அனுபவம் மட்டும் ஒருவரை நேர்மையாக்கிவிடாது. ஒழுக்க விதியும் அதைக் காக்கும் தொழில் அமைப்பும் வேண்டும் என்பதுதான் அங்கே கிடைத்த பாடம். கனடாவில் 2000-க்குப் பின் அரசே கடன் கொடுப்பதால் அந்தச் சபலத்துக்கு இடம் குறைவு. ஆனால் நிதியுதவியைச் சேர்க்கையின் கருவியாகப் பார்க்கும் சிந்தனை எல்லை தாண்டி வந்திருக்கிறது, அலுவலகங்களின் பெயர்ப்பலகைகளிலும் பதவி விளம்பரங்களிலும் அது தெரிகிறது.

நான்காவது, காசு. 2024 ஜனவரியில் மத்திய அரசு சர்வதேச மாணவர் அனுமதிக்கு உச்சவரம்பு விதித்தபின் ஒன்ராறியோவின் கல்லூரிகள் வருமானம் இழந்து, படிப்புகளை நிறுத்தி ஆட்களைக் குறைத்து வருகின்றன. இப்போது போய்ப் பதவி உயர்வும் பயிற்சியும் கேட்பதா? இப்போதுதான் கேட்க வேண்டும். அதே மாதம் முதல் சர்வதேச மாணவர் காட்ட வேண்டிய வாழ்க்கைச் செலவுப் பணம் 10,000 டொலரிலிருந்து 20,635 டொலராக உயர்ந்தது. இந்த நாட்டில் வாழ எவ்வளவு வேண்டும் என்பதை அரசே ஒப்புக்கொண்ட எண் அது. அந்த மாணவருக்கு ஒசாப் கிடையாது. அவசரம் வந்தால் போவதற்கு அவருக்கு இருப்பது நிறுவனத்தின் உதவிப்பணமும் அதைப் பங்கிடும் அலுவலரும்தான். யோர்க் பல்கலைக்கழகம் 2017-ல் குடியுரிமை நிலை உறுதியாகாத மாணவர்களுக்கு, உள்நாட்டுக் கட்டணத்தில் படிக்க வழி திறந்தது. மாகாண விதியில் இடமில்லாதவருக்கு ஒரு நிறுவனம் தானே இடம் உண்டாக்க முடியும் என்பதை அது காட்டியது. இப்படிப்பட்ட வழிகளை வடிவமைக்க, எந்த மாணவர் எந்த வாசலில் தடுக்கப்படுகிறார் என்று அறிந்தவர்கள் முடிவெடுக்கும் மேசையில் இருக்க வேண்டும். ஆட்குறைப்பில் முதலில் போவது கவுண்டர் என்றால், அந்த அறிவும் அதோடு போய்விடும், பிறகு அதை விலைகொடுத்து வாங்க முடியாது.

செய்ய வேண்டியவை கைக்கு எட்டாதவை அல்ல. சங்கத்தை விட்டு வெளியேறாமலேயே முகாமையாளருக்கு இணையான ஊதியம் பெறும் முதுநிலை மீளாய்வு அலுவலர் பதவி ஒன்றை ஒவ்வொரு நிறுவனமும் உண்டாக்கலாம். பேராசிரியர் ஒருவர் துறைத்தலைவர் ஆகாமலேயே உயர முடிகிறதென்றால் இவராலும் முடிய வேண்டும். நிதியுதவி நிர்வாகத்துக்கென ஒரு சான்றிதழ்ப் படிப்பைக் கல்வி ஆய்வு நிறுவனமும் தொழிற்சங்கமும் நிர்வாகிகள் சங்கமும் சேர்ந்து வகுக்கலாம். அமைச்சின் கொள்கைப் பிரிவுக்கும் கல்லூரி அலுவலகங்களுக்கும் இடையே ஆட்களை ஓராண்டு மாற்றி அனுப்பினால், விதி எழுதுபவர் கவுண்டரையும் கவுண்டரில் இருப்பவர் விதி பிறக்கும் இடத்தையும் பார்ப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, பணிப்பாளர் பதவிக்கான தகுதிகளில் மீளாய்வுக் கோப்புகளைக் கையாண்ட அனுபவம் கட்டாயமாக வேண்டும். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பு இல்லை.

ரொறன்ரோத் தமிழ்ச் சமூகம் மருத்துவரையும் பொறியியலாளரையும் கணக்காளரையும் உருவாக்கியிருக்கிறது. கல்லூரி நிர்வாகம் என்ற தொழில் நம் வீடுகளில் பேசப்படுவதே இல்லை. ஒசாப்பில் படித்து முடித்த நம் பிள்ளைகள் பலர் அந்தக் கணக்கை உள்ளே இருந்து அறிந்தவர்கள், வீட்டில் தாய்தகப்பனுக்குப் படிவத்தை மொழிபெயர்த்துச் சொன்னவர்கள். அவர்கள் அந்த அலுவலகங்களில் வேலைக்குப் போக வேண்டும், போனால் கவுண்டரோடு நின்றுவிடாமல் மேற்பதவிக்கும் விண்ணப்பிக்க வேண்டும். பழைய மாணவர் சங்கங்களும் ஊர்ச்சங்கங்களும் பல்கலைக்கழகத்துக்கு நன்கொடை கொடுக்கும்போது, அந்தப் பணத்தை யார், எந்தத் தகுதியோடு, எந்தக் காரணத்தை எழுதிவைத்துப் பங்கிடுகிறார் என்று கேளுங்கள். கொடுப்பவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும் உரிமை உண்டு.